ஐஸ் மாட்சா சரியாக வரவில்லையா? கோளாறு எங்கே, எப்படித் திருத்துவது

ஒசாகாவில் மழைக்காலம் ஜூலை நடுவில் முடியும். அதற்கப்புறம் செப்டம்பர் வரைக்கும் அப்படியே சென்னை வெயில்தான்: 35 டிகிரி, கூடவே சட்டை முதுகோடு ஒட்டுகிற கசகசப்பு. அந்த நாட்களில் மதியத்துக்கு மேல் சூடாக எதுவும் தொண்டையில் இறங்காது என்பதால், ஃபில்டர் காபியிலேயே வளர்ந்த நானும் ஐஸ் போட்ட மாட்சாவுக்கு (நிழலில் வளர்த்த தேயிலையை நைஸாக அரைத்த ஜப்பானியப் பச்சைப்பொடி) மாறி நாலைந்து வருஷமாகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆளுக்கொரு டப்பா வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன், அதனால் "நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன், வாயில வைக்க முடியல" என்ற போனும் எனக்குத்தான் வருகிறது. அப்படி வந்த புகார்களையும் நானே சொதப்பிய கதைகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். உங்கள் டம்ளரில் என்ன கோளாறோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

மாட்சா கரையாது. இது மனதில் பதிந்தால் பாதிக் கோளாறு தீர்ந்தது. டீத்தூளிலும் காபித்தூளிலும் சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையைத் தூக்கிப் போடுகிறோம். மாட்சாவில் இலையையே அரைத்துக் குடிக்கிறோம். பறிப்பதற்கு முன் ஏறக்குறைய மூன்று வாரம் செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்து, பறித்த இலையை ஆவியில் காட்டி, உருட்டாமல் அப்படியே உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கினால் வருவது 'தென்ச்சா'. அதைக் கருங்கல் திருகையில் அரைப்பதுதான் பழைய முறை; ஒரு திருகை ஒரு மணி நேரம் சுற்றினால் 30, 40 கிராம்தான் தேறும். அதனால்தான் அந்த விலை, அதனால்தான் அந்த நைஸ். ஒரு துகள் என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அது தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறதே தவிர, சர்க்கரை மாதிரியோ இன்ஸ்டன்ட் காபி மாதிரியோ தண்ணீரோடு ஒன்றாகிவிடுவதில்லை.

நான் போடும் அளவு இது: தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள், அதாவது சுமார் 2 கிராம், 70லிருந்து 80 டிகிரிக்குள் இருக்கும் வெந்நீர் 40 மில்லி, ஜில்லென்ற தண்ணீர் 80 மில்லி, டம்ளர் நிறைய ஐஸ். தூளைச் சலித்து, ஒரு ஸ்பூன் வெந்நீரில் குழைத்து, மீதி வெந்நீரை விட்டு அடித்து, ஐஸும் தண்ணீரும் இருக்கும் டம்ளரில் ஊற்ற வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து எங்கே விலகினீர்கள் என்று கண்டுபிடிப்பதற்குத்தான்.

"கட்டி கட்டியா மிதக்குது"

பத்து போனில் ஆறு இதுதான். கேட்டால் ஐஸ் தண்ணீரில் தூளைக் கொட்டி ஸ்பூனால் கலக்கியிருப்பார்கள். இவ்வளவு நைஸான தூள் டப்பாவுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டையாகத்தான் கிடக்கும். தண்ணீர் பட்டதும் உருண்டையின் வெளித்தோல் நனைந்து இறுகிக்கொள்ளும், உள்ளே தூள் காய்ந்தபடியே இருக்கும். ரவை உப்புமாவில் கட்டி தட்டுகிற அதே கதை. அந்த உருண்டையை நாக்கில் நசுக்கினால் உள்ளிருந்து பச்சைப்பொடி வெடிப்பதைப் பார்க்கலாம், ஆனால் ஒருமுறை பார்த்தால் போதும்.

முதலில் சலியுங்கள். இதற்கென்று தனி வலை விற்கிறார்கள், தேவையில்லை. நன்றாகக் காய்ந்த டீ வடிகட்டி போதும். தூளைப் போட்டு ஸ்பூனின் முதுகால் லேசாகத் தேய்த்தால் கிண்ணத்தில் மகரந்தம் மாதிரி விழும். வடிகட்டியில் துளி ஈரம் இருந்தாலும் வலை அடைத்துக்கொள்ளும், அப்புறம் தேய்த்துத் தேய்த்துப் பாதித் தூள் வலைக்கே போய்விடும்.

அடுத்தது குழைப்பது. ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். சந்தனம் குழைக்கிற பதம் வரவேண்டும். பளபளவென்று, கிண்ணத்தைச் சாய்த்தால் சோம்பலாக நகர வேண்டும். அந்தப் பதத்தில் கட்டி இருந்தால் கண்ணுக்குத் தெரியும், ஸ்பூனால் நசுக்கிவிடலாம். 100 மில்லி தண்ணீருக்குள் ஓடிப்போன கட்டியைத் துரத்திப் பிடிக்க முடியாது. சலிக்கச் சோம்பலாக இருக்கும் நாளில்கூட இந்தக் குழைக்கும் வேலையை நான் விடுவதில்லை.

இனிப்பு போட்டுக் குடிப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: தூளோடு இரண்டு மடங்கு பொடித்த சர்க்கரையைக் காய்ந்த நிலையிலேயே கலந்துவிட்டு அப்புறம் தண்ணீர் விடுங்கள். சர்க்கரைத் துகள் நடுவில் புகுந்து மாட்சாவை ஒட்டவிடாமல் வைத்திருக்கும். ஒசாகா, கியோட்டோ பக்கத்துப் பழைய காபிக் கடைகளில் 'குரீன் டீ' என்று சொன்னால் வருவது நாம் நினைக்கிற பச்சைத் தேநீர் இல்லை, சர்க்கரை கலந்த மாட்சாவை ஐஸ் தண்ணீரில் அடித்த பானம். அதற்கான தூளும் கலந்தபடியே கடையில் கிடைக்கும். என் நாக்குக்கு இனிப்பு ரொம்ப அதிகம், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

"ஒரே கசப்பு, நாக்கைப் பிடிக்குது"

இங்கே இரண்டு கேள்வி. தண்ணீர் எவ்வளவு சூடு? தூள் எப்படிப்பட்டது?

கொதிக்கிற தண்ணீரை நேராக ஊற்றினால் எந்த மாட்சாவும் கசக்கும். கசப்பும் துவர்ப்பும் கேட்டெகின், காஃபின் இரண்டிலிருந்தும் வருகின்றன, சூடு ஏற ஏற இவை தண்ணீரில் வேகமாக இறங்கும். அந்த மெல்லிய இனிப்பைத் தருகிற தியானினுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. பந்தல் போட்டு வெயிலை மறைப்பதும் இதற்காகத்தான். வெயில் பட்டால் இலையில் இருக்கும் தியானின் கேட்டெகினாக மாறிக்கொண்டே போகும். விவசாயி மூன்று வாரம் பந்தல் கட்டிக் காப்பாற்றியதை நாம் ஒரு கெட்டில் கொதிநீரில் கெடுத்துவிடுகிறோம்.

தெர்மாமீட்டர் வேண்டாம். நம்மிடம் டபரா டம்ளர் இருக்கிறது. கொதித்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும் என்பது ஜப்பானில் டீ போடுகிறவர்களின் கணக்கு. இரண்டு மூன்று ஆற்று ஆற்றினால் நமக்கு வேண்டிய சூடு வந்துவிடும்.

அதற்கும் கசந்தால் சூட்டையே விட்டுவிடுங்கள். தூளைக் குளிர்ந்த தண்ணீரிலேயே குழைத்து, குளிர்ந்த தண்ணீரிலேயே அடிக்கலாம். இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், வாசனையும் சற்றுக் குறையும், ஆனால் கசப்பு கணிசமாக அடங்கிவிடும். நல்ல தூள் கையில் இருக்கும்போது பாலோ சர்க்கரையோ இல்லாமல் நான் குடிப்பது இப்படித்தான். சுமாரான தூளுக்கும் இதுவே வைத்தியம்.

தூளே சரியில்லை என்றால் இந்த வித்தையெல்லாம் ஓரளவுக்குத்தான். டப்பாவில் 'செரிமோனியல்', அதாவது தேநீர்ச் சடங்குக்கு ஏற்ற தரம், என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். அப்படி ஒரு தரத்துக்கு ஜப்பானில் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எந்த ஊர்த் தூள், எப்போது அரைத்தது என்று பாருங்கள். கியோட்டோ பக்கம் உஜி, ஐச்சி மாவட்டத்தில் நிஷியோ, ஃபுகுவோகாவில் யாமே, தெற்கே ககோஷிமா, இப்படி ஊர் பெயர் போட்டு விற்பவர் கொஞ்சமாவது பொறுப்போடு விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். பாலும் சர்க்கரையும் சேர்ப்பதாக இருந்தால் விலை உயர்ந்த தூள் வேண்டாம். அது பாலில் தொலைந்துபோகும், காசுதான் வீண். 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பேர்பெற்ற தேயிலைக் கடைகளே ஆளுக்கு இத்தனை டப்பாதான் என்று கட்டுப்பாடு போடும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்தது, அதற்கப்புறம் விலையும் ஏறித்தான் கிடக்கிறது.

"பச்சையாவே இல்ல, காக்கியா இருக்கு"

டப்பாவைத் திறந்து தூளைப் பாருங்கள். தூள் இளம்பச்சையாகப் பளிச்சென்று இருந்து, டம்ளரில் மட்டும் மங்கினால் கோளாறு தண்ணீரில் அல்லது நீங்கள் சேர்த்ததில். தூளே மஞ்சளடித்துப்போயிருந்தால் அது பழசு, இல்லை முதலிலிருந்தே மாட்சா இல்லை.

பழசாவதற்கு வருஷக்கணக்கு ஆக வேண்டாம். வெளிச்சம், சூடு, ஈரம், காற்று, இந்த நாலும் பச்சையத்துக்கு எதிரி, நம் ஊர் சமையலறையில் அடுப்புக்கு மேல் அலமாரியில் நாலும் ஒரே இடத்தில் கிடைக்கும். திறந்த டப்பாவை ஒரு மாதத்துக்குள், இழுத்தால் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதனால்தான் 30, 40 கிராம் டப்பாவாக வருகிறது, பெரிய பை மலிவு என்று வாங்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும், ஆனால் வெளியே எடுத்த கையோடு திறக்கக் கூடாது. திருச்சியில் இருக்கும் என் அக்கா மே மாதம் அப்படித்தான் செய்தாள்: ஜில்லென்ற டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வெந்நீர் போடப் போனாள், ஐந்து நிமிஷத்தில் டப்பாவின் உள்விளிம்பெல்லாம் வியர்த்து, ஒரு வாரத்தில் தூள் அடை மாதிரி இறுகிவிட்டது. மூடியபடியே வெளியில் ஒரு மணி நேரம் வைத்து, டப்பாவின் குளிர் விட்டபின் திறக்க வேண்டும்.

அந்த டப்பா போனதும் அவள் விடவில்லை. குன்னூரில் வாங்கிவந்த பச்சைத் தேயிலை வீட்டில் இருந்திருக்கிறது, அதை மிக்ஸியில் போட்டு ஓட்டிவிட்டுப் போன் செய்தாள். "டேய், பச்சைத் தண்ணியில மணலைப் போட்ட மாதிரி இருக்குடா." இருக்கும் அக்கா, வேறு எப்படி இருக்கும்! அது வெயிலில் வளர்ந்த இலை, நரம்பும் காம்புமாக உருட்டிக் காயவைத்தது. மிக்ஸி பிளேடால் அதை அந்த நைஸுக்குக் கொண்டுவர முடியாது, போதாக்குறைக்கு ஜார் சூடேறி நிறமும் போகும். கொதிக்காத வெந்நீரில் போட்டு வடிகட்டிக் குடித்தால் அதே இலை நன்றாக இருக்கும். கடைகளிலும் வெறும் பச்சைத் தேயிலைப் பொடியை மாட்சா என்று விற்கிறார்கள். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், நெற்றியில் இடும் திருநீறு போல வழுக்கினால் சரி, நறநறவென்றால் இல்லை.

தூள் நன்றாக இருந்து டம்ளரில் நிறம் மாறினால் எலுமிச்சம்பழமா என்று கேட்பேன். புளிப்பு பட்டால் பச்சையம் பாசி நிறத்துக்குப் போய்விடும், ருசிக்கு ஒன்றும் ஆகாது. உப்புத்தண்ணீர் வரும் போர் தண்ணீரும் நிறத்தையும் ருசியையும் மங்கவைக்கும், நுரையையும் அமுக்கும். ஜப்பானில் குழாய்த் தண்ணீரே மென்மையானது, இங்கே சரியாக வந்த அதே தூள் ஊரில் சப்பென்று போவதற்கு எத்தனையோ முறை தண்ணீர்தான் காரணம். குடிதண்ணீரில் போடுங்கள், ஐஸ் கட்டியும் அதே தண்ணீரில் உறைந்ததாக இருக்கட்டும்.

"நுரையே வரல"

குளிர்ந்த தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும், பெரிய பெரிய குமிழாகத்தான் வரும். அது உங்கள் கைக்குறை இல்லை. மெல்லிய நுரை வேண்டுமென்றால் அந்த 40 மில்லி வெந்நீரிலேயே அடித்து நுரைக்கவைத்து, அப்புறம் ஐஸ் மேல் ஊற்றுங்கள்.

அடிப்பதற்கு மூங்கிலால் செய்த 'சாசென்' இருந்தால் நல்லது. ஒரே மூங்கில் துண்டை நுனியில் மயிரிழை மயிரிழையாகக் கீறி எடுத்தது அது, நாராவுக்குப் பக்கத்தில் தகயாமா என்ற ஊரில் 500 வருஷமாக இதே வேலை. முதலில் வெந்நீரில் ஒரு நிமிஷம் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் நுனி ஒடிந்து டம்ளருக்குள் மூங்கில் தும்பு மிதக்கும். வட்டமாகக் கிண்டக் கூடாது, அடியைத் தேய்க்கவும் கூடாது. மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னுமாக வேகமாக, ஒரு 20 விநாடி. சோப்பு போடாமல் அலசி, நன்றாகக் காற்றாட வையுங்கள்; மழைக்காலத்தில் டப்பாவுக்குள் மூடி வைத்து எனக்கு ஒன்று பூஞ்சை பிடித்துப் போயிருக்கிறது.

இல்லையென்றால் பால் நுரைக்கவைக்கும் பேட்டரிக் குச்சி போதும். தயிர் கடையும் மத்தையும் ஒருமுறை முயன்றேன், அந்தத் தடித்த இதழ்களுக்கு இத்தனூண்டு தண்ணீரில் வேலையே இல்லை. மூடி போட்ட பாட்டிலில் குலுக்குவது இன்னும் எளிது: குழைத்த மாட்சா, குளிர்ந்த தண்ணீர், நாலு ஐஸ் கட்டி, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு அரை நிமிஷம் குலுக்குங்கள். குளிர்ந்த தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் வெந்நீரை ஊற்றி மூடிக் குலுக்கினேன், மூடி தெறித்து, அந்த வாடகை வீட்டின் வெள்ளைச் சுவரில் பச்சைப் புள்ளிகள், காலி செய்யும் வரைக்கும் ஒரு காலண்டரை மாட்டி மறைத்து வைத்திருந்தேன்.

"பாதி குடிக்கறதுக்குள்ள தண்ணியாயிடுது"

ஐஸ் நிறையப் போட்டால் தண்ணீராகிவிடும் என்று நினைத்துக் குறைத்துப் போடுவதுதான் இங்கே தவறு. இரண்டே கட்டி போட்டால் வெதுவெதுப்பான மாட்சா இரண்டையும் உடனே உருக்கிவிட்டு அப்படியே நிற்கும். டம்ளர் நிறையப் போட்டால் ஒன்றுக்கொன்று குளிர்ச்சி காத்துக்கொள்ளும். ரொம்ப நேரம் வைத்துக் குடிப்பவரானால் கெட்டியாகக் கலந்த மாட்சாவையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, அந்தக் கட்டிகளைப் போடுங்கள். உருகினாலும் மாட்சாதான் உருகும். இளநீரில் கலப்பதாக இருந்தால் 40 மில்லியில் அடித்ததை நேராக ஜில்லென்ற இளநீர் மேல் ஊற்றிவிடுங்கள், ஐஸே வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். பாலை விட எனக்கு இதுதான் பிடித்தது.

பாலில் வரும் தொல்லைகள்

"மாட்சா ருசியே தெரியல" என்றால் தூள் போதவில்லை. பாலில் இருக்கும் புரதம் கேட்டெகினோடு ஒட்டிக்கொண்டு துவர்ப்பை அடக்கிவிடும், ஆகவே 150 மில்லி பாலுக்கு 3லிருந்து 4 கிராம் வேண்டும், தண்ணீரையும் 30 மில்லிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பச்சை, கீழே வெள்ளை என்று அடுக்கு நிற்கவில்லை என்றால் சர்க்கரையை எதில் போட்டீர்கள் என்று பாருங்கள். இனிப்பு எதில் இருக்கிறதோ அது கனத்துக் கீழே போகும். சர்க்கரைப்பாகைப் பாலில் கலந்து, ஐஸ் போட்டு, மாட்சாவை ஐஸ் கட்டியின் தலையில் மெல்ல ஊற்றினால் நிற்கும். (படம் எடுக்கத்தான் இது உதவும், குடிக்கும்போது கலக்கத்தான் போகிறோம்.) சர்க்கரையை அப்படியே போட்டால் குளிரில் கரையாமல் அடியில் உட்கார்ந்துவிடும், சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சி ஆறிய பாலா? ஆடையை எடுத்துவிட்டு ஊற்றுங்கள், இல்லையென்றால் தூள் ஆடையில் ஒட்டிக் கட்டி மாதிரியே தெரியும், நீங்களும் திரும்பத் திரும்பச் சலித்துக்கொண்டிருப்பீர்கள். பால் திரிந்தால் மாட்சாவைத் திட்டாதீர்கள், அது நல்ல பாலைத் திரிக்காது.

"கடல்பாசி வாடை அடிக்குது"

அடிக்க வேண்டும்! பந்தலுக்குக் கீழே வளர்ந்த இலைக்கே உரிய மணம் அது, ஜப்பானியர்கள் அதற்கு 'ஓஇகா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பழகினால் அது இல்லாத மாட்சா வெறுமையாகத் தோன்றும். வைக்கோல் வாடையோ ஃபிரிட்ஜில் பக்கத்தில் இருந்த வெங்காய வாடையோ அடித்தால்தான் கோளாறு, அதைக் கேக்கில் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

"ராத்திரி தூக்கம் வரல"

ஜில்லென்று லேசாக இறங்குவதால் ஜூஸ் மாதிரி மூன்று டம்ளர் போய்விடுகிறது. 2 கிராம் மாட்சாவில் சுமார் 60 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது, இலையையே விழுங்குவதால் அவ்வளவும் உள்ளே. எனக்கு மாலை நாலு மணிக்கு மேல் ஒத்துவராது. வெறும் வயிற்றில் குடித்துக் குமட்டுகிறது என்று சொல்பவர்களும் உண்டு, சாப்பிட்டுவிட்டுக் குடியுங்கள். ரத்தசோகை இருந்தால் மட்டும் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்து உடலில் சேர்வதை டீ தடுக்கும்.

"அடியில சேறு மாதிரி தங்கிடுது"

கரையாத தூள் கொஞ்ச நேரத்தில் அடியில் இறங்கத்தான் செய்யும், என்ன விலைக்கு வாங்கினாலும் இறங்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே குடியுங்கள். குடிக்க ஆரம்பிக்கும்போதே கனமாகத் தங்கியிருந்தால் மட்டும் குழைத்தது போதவில்லை என்று அர்த்தம், மேலே கட்டிப் பகுதிக்குப் போங்கள். கடைசியில் நிற்கும் அந்தப் பச்சை வண்டலில்தான் நீங்கள் காசு கொடுத்தது பாதி இருக்கிறது, கொட்டிவிடாதீர்கள். ஒரு வாய் தண்ணீர் விட்டு அலசி உறிஞ்சிவிடுங்கள். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் கடைசி மடக்கைச் சத்தம் கேட்க உறிஞ்சுவதுதான் முறை, குடித்து முடித்தேன் என்று போட்டவருக்குச் சொல்வது அது. அக்கா வீட்டில் நான் அப்படி உறிஞ்சினபோது அவள் மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.